பற்கம்பியோடு மேடையேறிய பாலி ஸ்டைரீன்

1970-களில் முரட்டு வேகத்தோடு எழுந்த கலக இசையான பங்க் ராக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சட்டையில் ஊக்குகளைக் குத்திக்கொண்டு முறைக்கும் வெள்ளைக்கார இளைஞர்கள்தான். அந்த வகையில் மிகப் பிரபலமான செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கூட்டத்திலேயே சொல்வதற்கு விஷயம் அதிகம் வைத்திருந்தவர், ஒரு பிளாஸ்டிக்கின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட பாடகி பாலி ஸ்டைரீன்.

இயற்பெயர் மரியன் எலியட். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரர். வளர்ந்தது லண்டன் பிரிக்ஸ்டனில். 1976 ஜூலை 3, தன் 19-வது பிறந்தநாளில், ஹேஸ்டிங்ஸில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரியைப் பார்த்தார். பிறகு இசைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழு உருவானது. கிடார் இரைச்சலை ஊடறுத்து வரும் சாக்ஸபோனை வாசித்த லோரா லாஜிக் அப்போது பதின்வயதுப் பெண்தான்.

1977-இல் வந்த முதல் ஒற்றைப்பாடல் இசைத்தட்டைக் கேளுங்கள். பெண்பிள்ளைகள் கண்ணில் பட்டால் போதும், வாய் திறக்கக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள் என்று பச்சைப்பிள்ளைக் குரலில் தொடங்குவார். அடுத்த நொடியே தொண்டை கிழிய ஓர் அலறல்! பல்லில் கம்பி, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் உடை. அழகுப் பதுமையாக்க நினைத்தால் தலையை மழித்துவிடுவேன் என்று சொன்னவர், அப்படியே செய்தும் காட்டினார்.

மற்றவர்கள் அரசியையும் அரசையும் திட்டிக்கொண்டிருந்தபோது இவர் சூப்பர் மார்க்கெட்டைப் பார்த்தார். நைலான் திரைச்சீலை, அக்ரிலிக் சாலை, கடித்தால் ரப்பராக இழுபடும் ரொட்டி என்று 1978-லேயே குழுவின் முதல் ஆல்பத்தில் ஒரு பிளாஸ்டிக் உலகத்தைப் பாடிவைத்தார். அதில் உபதேசம் கிடையாது. அந்தப் பளபளப்பில் அவருக்கும் ஒரு மயக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். பாடல்கள் பிரசங்கமாகிவிடாமல் தப்பியது அதனால்தான்.

எனக்கு எரிச்சல் வருவது, 'ஒரே ஆல்பத்தோடு அணைந்துபோன நட்சத்திரம்' என்ற புலம்பலைப் படிக்கும்போது. 1978-இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் இருந்தபோது வானத்தில் இளஞ்சிவப்பு ஒளியைக் கண்டதாகச் சொன்னார். மருத்துவமனையில் மனச்சிதைவு என்றார்கள். அது உண்மையில் இருதுருவக் கோளாறு, அதாவது மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய், என்று கண்டறியப்பட்டது 1991-இல். இத்தனை காலம் தவறான பெயரில் ஒரு நோயைச் சுமந்தவரிடம் போய், ஏன் வருடத்துக்கொரு ஆல்பம் தரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? 1979-இல் குழுவை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே தனி ஆல்பம் ஒன்றைத் தந்தார். மெல்லிய, நிதானமான இசை. பங்க் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டுமே. பின்னர் ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்தார்.

இதையெல்லாம் புனிதப்படுத்தவும் வேண்டாம். அம்மாவின் நோயோடு வளர்வது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை மகள் செலஸ்ட் பெல், தான் இணைந்து இயக்கிய 2021 ஆவணப்படத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

2011 மார்ச்சில் பாலியின் கடைசி ஆல்பம் வெளியானது. மார்பகப் புற்றுநோயால் ஏப்ரல் 25 அன்று, 53 வயதில் இறந்தார். கேட்க விரும்புகிறவர்கள் 1978 ஆல்பத்திலிருந்து தொடங்கி, நேராக இந்த 2011 ஆல்பத்துக்குப் போகலாம். 1995-இல் குழு மறுபடி சேர்ந்து போட்டதைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்; அவசரமில்லை.