ஃபெரட் வாலில் முடி கொட்டுவது வெறும் பருவ மாற்றமா?

‘வால் முடி கொட்டுகிறதா? பருவ மாற்றம்தான், எண்ணெய் தடவினால் சரியாகிவிடும்’ என்று, கீரி போன்ற தோற்றமுள்ள செல்லப்பிராணியான ஃபெரட்டை வளர்ப்போரிடையே ஒரு தகவல் சுற்றுகிறது. பாதிதான் உண்மை. பருவத்தில் வால் முடி உதிர்ந்து, சில வாரங்களில் தானாக முளைப்பது உண்டு. எண்ணெய்க்கு அதில் வேலையே இல்லை.

ஆனால் கருத்தடை செய்த, 3 வயது தாண்டிய ஃபெரட்டுக்கு வாலடியில் தொடங்கி இடுப்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கை ஏறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பியில் வரும் நோயைத்தான். கருத்தடையில் விதையோ சூலகமோ நீக்கப்பட்டுவிடுவதால் மூளையிலிருந்து வரும் தூண்டுதலுக்குக் கடிவாளம் இல்லை. அது அட்ரீனல் சுரப்பியை விடாமல் உசுப்ப, பாலின ஹார்மோன்கள் மிகுந்துவிடுகின்றன. நாய்களின் குஷிங் நோயில் ஏறும் கார்டிசால் என்ற அட்ரீனல் ஹார்மோன் இங்கே ஏறுவது அபூர்வம் என்பதால், அதை அளக்கும் ரத்தப் பரிசோதனை உதவாது. வயிற்று ஸ்கேனும் பாலின ஹார்மோன் பரிசோதனையும்தான் வழி.

அரிப்பு இருந்தால் தெள்ளுப்பூச்சிதான் என்று முடிவுகட்டவும் வேண்டாம், இந்த நோயிலும் சொறியும். ‘முடி வளர்ந்துவிட்டதே!’ என்பதும் ஆறுதல் இல்லை; தொடக்கத்தில் வளரும், அடுத்த முறை கூடுதலாகக் கொட்டும். கருத்தடை செய்த பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்குவது தெளிவான அடையாளம். ஆண் சிறுநீர் வராமல் முக்கினால் புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூளையின் அந்தத் தூண்டுதலை அடக்கும் டெஸ்லோரெலின் மருந்தைத் தோலடியில் வைப்பது, அறுவை சிகிச்சை என இரண்டு வழிகள் உண்டு.