மூன்று பஸ் ஒன்றாக வந்தால் அதுக்குப் பேர் சேவையா?

இன்றைக்கும் அதே கூத்து. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், கென்னடி சப்வே (நிலக்கீழ் ரயில்) நிலையத்தில் சனம் காத்துக் காத்துக் கால்கடுத்த பிறகு மூன்று பஸ் வால் பிடித்துக்கொண்டு வருகின்றன. முதலாவதில் மூச்சுவிட இடமில்லை, மூன்றாவது வெறுமையாகப் போகிறது. தெருவில் வாகன நெரிசல் என்று சாட்டுச் சொல்லவேண்டாம். ஒரு சப்வே ரயில் வந்து நின்றால் நூற்றுக்கணக்கான சனம் மேலே ஏறி வரும். ஒரு பஸ் ஐம்பது பேருடன் நிரம்பிவிடும். ஆள் ஏற்றி முடிக்கவே முதல் பஸ் பிந்துகிறது. பிந்திய நேரத்துக்குள் அடுத்த தரிப்பில் இன்னும் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள், அவர்களை ஏற்ற இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்சுக்கு ஏற்ற ஆளில்லை, ஓடிவந்து முன்னதோடு ஒட்டிக்கொள்ளும். பஸ் நடத்துகிறவர்களே, அட்டவணையைப் பார்த்து பஸ்சை விடாதீர்கள்! முன்னால் போனதற்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, புறப்படும் இடத்திலும் நடுவழியிலும் பிடித்துவைத்து விடுங்கள்.

இத்தனைக்கும் 1985 இலிருந்து கென்னடியிலிருந்து ஸ்காபரோவுக்குள்ளே ஒரு ரயில் ஓடியது. 25 வருடத்துக்கென்று செய்த பெட்டிகளை 38 வருடம் இழுத்தடித்தார்கள். 2023 ஜூலை 24 மாலை கடைசிப் பெட்டி கழன்று தடம்புரண்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள், அத்தோடு பாதையே மூடப்பட்டு, பஸ்தான் கதி என்றாகிவிட்டது. அதே வகை ரயில்தான் வன்கூவரில் இன்றும் ஓடுகிறது. அங்கே புதுப் பெட்டி வாங்கினார்கள், பாதையையும் நீட்டிக்கொண்டே போனார்கள். ஸ்காபரோவுக்கு ஒரு நிலையம்கூடக் கூடவில்லை.

அந்தப் பழைய ரயிலுக்குப் பதிலாக ஏழு நிலையங்களோடு இலகு ரயில் போட ஒன்ராறியோ மாகாணம் காசு தர ஒப்புக்கொண்டிருந்தது. 2013 இல் மாநகரசபை அதைத் தூக்கி எறிந்துவிட்டு மூன்று நிலைய சப்வே என்றது. 2016 இல் ஒன்றாகக் குறைத்தது. 2019 இல் மாகாணம் வந்து திரும்பவும் மூன்று என்றது. இதற்கென்று வீட்டுவரியில் 1.6 வீதம், 30 வருடத்துக்கு! வரி கட்டுகிற சனம் பஸ்சுக்கு நிற்கிறது.

அந்த பஸ்சுக்கு நடந்து போவதே பெரும்பாடு. வீடுகளெல்லாம் பெருந்தெருவுக்கு முதுகு காட்டி, பின்பக்கம் வேலி அடைத்து நிற்கின்றன. வளைந்து வளைந்து போகும் உள்வீதியால் சுற்றித்தான் தரிப்புக்கு வரலாம். எதிர்ப்பக்கத் தரிப்பென்றால் ஆறு தடத் தெருவைக் கடக்கச் சிக்னல் வரை நடக்கவேண்டும்.

இன்னொன்று, பனி தள்ளுகிற வண்டிக்காரருக்கு. தெருவை வழித்து அந்தக் குவியல் முழுவதையும் ஏன் பஸ் தரிப்பின் வாசலில் கொட்டுகிறீர்கள்? ஊன்றுகோலோடு வருகிற அம்மம்மா அதில் எப்படி ஏறி இறங்குவா? காருக்கு வழிவிட்ட கையோடு அந்த நாலடியையும் வழித்துவிட்டுப் போங்கள்!