கிரிஸ்லி கரடியும் பூட்டாத குப்பைத்தொட்டியும்

வட அமெரிக்காவின் பழுப்புக் கரடியான கிரிஸ்லி, பூச்சி தின்று கொழுக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கர்ஜிக்கிற வீடியோவாகப் பார்த்துப் பழகிவிட்டோம்.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குக் கிழக்கே அப்சரோகா மலைத்தொடர் இருக்கிறது. மரம்கூட முளைக்காத உயரத்தில் வெறும் கற்குவியலாகக் கிடக்கும் சரிவுகள். சமவெளியில் பயிரை அரிக்கும் வெட்டுப்புழு அந்துப்பூச்சியாக மாறி, கோடையில் மலைப்பூக்களின் தேனுக்காக அங்கே பறந்து வரும். இரவெல்லாம் தேன் குடித்துவிட்டுப் பகலில் கல்லிடுக்கில் ஒளிந்துகொள்ளும். கரடி ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, அடியில் மொய்ப்பதை நக்கித் தின்னும். ஒரு பூச்சிக்கு அரை கலோரி தேறும். ஒரு நாளில் 40,000 பூச்சி வரை தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சில நூறு கிலோ எடையுள்ள மிருகம் அரை கலோரிக்காகக் கல் புரட்டுகிறது!

பூச்சி சீசன் முடிந்தால் வெண்பட்டை பைன் மரத்தின் விதை. அதையும் தானாகப் பறிப்பதில்லை, அணில் சேர்த்து வைத்ததைத் திருடும்.

இவ்வளவும் கொழுப்புக்காக. பெண் கரடி மே, ஜூன் மாதங்களில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டாது. நவம்பர் வாக்கில்தான் ஒட்டும், அதுவும் தாயின் உடம்பில் போதிய கொழுப்பு சேர்ந்திருந்தால் மட்டுமே. நடுக்குளிர்காலத்தில், குகைக்குள், அரை கிலோ எடைகூட இல்லாத குட்டிகள் பிறக்கும். குகைக்குள் குளிர்காலத் தூக்கத்தில் கழியும் ஐந்தாறு மாதமும் தாய்க்குச் சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது, சிறுநீர்கூடக் கழிப்பதில்லை. சிறுநீரில் போக வேண்டிய யூரியா என்ற கழிவையே உடம்பு மறுபடி புரதமாக மாற்றிக்கொள்கிறது. அப்புறம் பாலும் கொடுக்க வேண்டும்.

இப்படிப் பசியோடு அலையும் மிருகத்தின் முன்னால் திறந்த குப்பைமேட்டை வைத்தால் என்ன ஆகும்? யெல்லோஸ்டோனில் அதைத்தான் பல பத்தாண்டுகள் செய்தார்கள். ஹோட்டல் எச்சிலைக் கொட்டி, கரடி வந்து தின்பதைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சியாகவே நடத்திய காலமும் உண்டு. 1970ஐ ஒட்டி ஞானோதயம் வந்து, குப்பைமேடுகளைச் சட்டென்று மூடினார்கள். அங்கே 1959 முதல் கரடிகளை ஆராய்ந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள், படிப்படியாக மூடுங்கள் என்று மன்றாடினார்கள். யாரும் கேட்கவில்லை. பசித்த கரடிகள் முகாம்களுக்குப் போயின, ஒன்றன்பின் ஒன்றாகக் கொல்லப்பட்டன. 1975ல் கிரிஸ்லியை ஆபத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கிற நிலை வந்தது.

பழக்கிவிட்டதும் மனிதன்தான், சுட்டதும் மனிதன்தான். இதைக் 'கரடித் தொல்லை' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. யெல்லோஸ்டோனுக்குத் தெற்கே உள்ள கிராண்ட் டீட்டன் பூங்காவில், ஆய்வாளர்கள் 399 என்று எண்ணிட்ட தாய்க் கரடியை உலகமே கொண்டாடியது. 2020ல் நான்கு குட்டிகளோடு வெளியே வந்தபோது சாலை முழுக்க கேமரா. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் ஜாக்சன் ஊர்ப்பக்க வீடுகளில் கால்நடைத் தீவனத்தையும் தேன்பெட்டியையும் ருசி பார்த்தது. 2022ல் தாயைப் பிரிந்த குட்டிகளில் ஒன்று மனித உணவைத் தேடி அலைந்ததால், அந்தக் கோடையிலேயே அதிகாரிகள் அதைக் கொன்றார்கள். 399ம் 2024 அக்டோபரில், 28 வயதில், வண்டியில் அடிபட்டுச் செத்தது.

குட்டியைக் கொன்றதற்கு அதிகாரிகளைத் திட்டியவர்கள் நிறையப் பேர். எனக்குக் கோபம் தீவன மூட்டையைத் திறந்து வைத்தவர்கள் மேல்தான். ஜாக்சன் இருக்கும் டீட்டன் கவுண்டியில் கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டியை இப்போது கட்டாயமாக்கிவிட்டார்கள். சரி, நல்லது. யெல்லோஸ்டோன் குப்பைமேட்டை மூடியதிலிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டு தாமதம்.