எப்படிப் போகும் தம்பி, பறந்தா?

சனிக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் நடந்ததை நம் பிளாட்டில் எல்லாரும் பார்த்தீர்கள். மூன்று தூங்குமூஞ்சி மரத்தில் நடுமரம் போயாச்சு. "இன்னும் ரெண்டு இருக்கே அக்கா, அணில் அங்க போய்க்கும்" என்று வாட்ஸாப்பில் ஒரு தம்பி. கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள்.

எப்படிப் போகும்? கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் அணிலுக்கு ரோடு. நீங்கள் வெட்டியது பாலத்தை.

பினாங்குக் கொடிமலைக்கு ரயிலேறிப் போய் செல்ஃபி எடுக்கிறீர்களே, அங்கே கறுப்பு மலையணில் இருக்கிறது. உடம்பைவிட வால் நீளம். தின்பது, கூடு கட்டுவது, தூங்குவது எல்லாம் மரத்து மேலேயே. தரைக்கு வருவது அபூர்வம். 2021-இல் யுனெஸ்கோ அந்த மலையை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கியபோது இதே குழுவில்தான் கைதட்டினோம். அடிவாரத்து மரம் என்றால் மட்டும் குப்பை.

நம் பிளாட்டு அணில் சின்னது. வயிறு செம்பழுப்பு, விலாவில் கறுப்பு வெள்ளைக் கோடு. ராமர் தடவிய மூன்று கோடு முதுகில் இல்லை, அதனால்தான் மரியாதையும் இல்லை போல. "அது கீழே இறங்குமே" என்பீர்கள். இறங்கும். கீழே பூனை, மோட்டார் சைக்கிள்.

இதே பினாங்கில், தெலுக் பஹாங்கில் 2019-இல் பழைய தீயணைப்புக் குழாயை வைத்து ரோட்டுக்கு மேலே பாலம் கட்டினார்கள். லோத்தோங் குரங்கு அடிபடாமல் கடக்க. அதில் அணிலும் போகிறது. அங்கே இல்லாத பாலத்தைக் கட்டுகிறார்கள், இங்கே இருந்ததை அறுத்தாச்சு.

வெட்டியதற்குக் காரணம் கேட்டால், அணில் கேபிளைக் கடிக்கிறதாம். கிளை இல்லாவிட்டால் கேபிள் மேல்தானே நடக்கும்? கிளை முறிந்து கார்மேல் விழும் என்பது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். கழிக்கச் சொல்லிப் போன வருஷம் கடிதம் கொடுத்ததே நான்தான். அதற்குப் பதில் இல்லை. வெட்ட மட்டும் ஆள் வந்துவிட்டது.

அப்பா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரம் சாகாமல் வெட்டத் தெரிந்தவர். கடைசிக் காலத்தில் மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியில் தினமும் வாழைப்பழத் துண்டு வைப்பார். நடுமரத்துக் கிளை வழியாகத்தான் அணில் வரும். அவர் போன பிறகு நான் வைக்கிறேன்.

ஞாயிறு காலை அணில் ஓரத்து மரத்தின் கிளை நுனிவரை வந்தது. வாலை வெட்டி வெட்டி ஆட்டிக் கத்தியது. திரும்பிப் போய்விட்டது. அணில் ஏறவிட்ட நாய் மாதிரி நின்றேன். நாய்க்காவது அண்ணாந்து பார்க்க ஒரு மரம் இருந்தது.

எனக்கு 'அணில் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறீர்களாம். இருக்கட்டும். இன்றைக்கும் பழம் வைத்தேன், எறும்புதான் வந்தது. அதற்கும் ஒரு சிரிப்புப் படம் போடுங்கள்.