சூப்பர்ஹீரோ படங்களின் வசூலை டாலரில் மட்டும் ஒப்பிடுவது ஏன் தவறு

ஒரு புதிய சூப்பர்ஹீரோ படம் வெளியாகும்போதெல்லாம், உலக அளவில் அதிகம் வசூலித்த சூப்பர்ஹீரோ படங்களின் பட்டியல் ஒன்று முகநூலில் வலம் வரத் தொடங்கிவிடுகிறது. அதன் உச்சியில் சுமார் 280 கோடி டாலருடன் 2019-இன் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ நிற்கிறது. 1978-இல் வந்த ‘சூப்பர்மேன்’ 30 கோடி டாலருடன் எங்கோ அடியில் கிடக்கிறது. பல பட்டியல்களில் அதற்கு இடமே இல்லை. இதைப் பகிர்பவர்கள், அந்தக் காலத்துப் படங்கள் சிறு கூட்டத்துக்கானவை என்றும், இந்த வகைப் படத்தை உலகமே திரண்டு பார்க்கும் ஒன்றாக ஆக்கியது ‘அவெஞ்சர்ஸ்’ படங்களை எடுக்கும் மார்வெல் நிறுவனம்தான் என்றும் எழுதுகிறார்கள். இதை நான் முழுமையாக மறுக்கிறேன். டாலரை எண்ணுவதால் வரும் பிழை இது. டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

அமெரிக்காவையும் கனடாவையும் சேர்த்து ஒரே உள்நாட்டுச் சந்தையாகக் கணக்கிடுவது ஹாலிவுட் வழக்கம். அந்தச் சந்தையில் 1978-இல் ஒரு டிக்கெட்டின் சராசரி விலை 2.34 டாலர், 1989-இல் ஏறத்தாழ 4 டாலர், 2002-இல் 5.81; 2008-இல் 7.18, 2019-இல் 9.16. ஒவ்வொரு படத்தின் உள்நாட்டு வசூலையும் அந்தந்தக் காலத்து விலையால் வகுத்தால், விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை தோராயமாகக் கிடைத்துவிடும். 13.4 கோடி டாலர் வசூலித்த ‘சூப்பர்மேன்’ பெரும்பாலும் 1979-இல் ஓடியது என்பதால் விலையைச் சற்றே கூட்டி வைத்தாலும் 5.5 கோடி டிக்கெட்டுகள் வருகின்றன. டிம் பர்ட்டனின் 1989 ‘பேட்மேன்’ 25.1 கோடி டாலர் வசூலில் 6.3 கோடி டிக்கெட்டுகள் விற்றிருக்கிறது. 2002-இன் ‘ஸ்பைடர்மேன்’ ஏறக்குறைய 7 கோடி, 2008-இன் ‘தி டார்க் நைட்’ 7.4 கோடி, 2012-இன் ‘தி அவெஞ்சர்ஸ்’ 7.8 கோடி, ‘எண்ட்கேம்’ 9.4 கோடி.

இந்த வரிசையும் ஏறுமுகமாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் அந்த இரு நாடுகளின் மக்கள்தொகையும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 1978-இல் ஏறத்தாழ 25 கோடியாக இருந்தது, 2019-இல் 36 கோடியைத் தாண்டிவிட்டது. டிக்கெட்டுகளை மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால், ‘சூப்பர்மேன்’ நூறு பேருக்கு 22 டிக்கெட்டுகள் விற்றது. ‘பேட்மேன்’ 23. ‘ஸ்பைடர்மேன்’ 22. ‘தி டார்க் நைட்’ 22. ‘தி அவெஞ்சர்ஸ்’ 22. நாற்பது ஆண்டுகளில் திரையரங்கு மாறியது, தொழில்நுட்பம் மாறியது, ஒரு தலைமுறையே மாறியது; ஆனால் ஒவ்வொரு காலத்தின் உச்சப் படமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மக்களை இழுத்திருக்கிறது. ‘எண்ட்கேம்’ மட்டுமே நூறுக்கு 25, 26 என்று சற்று மேலே நிற்கிறது. பதினோரு ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் சொல்லிவந்த ஒரு கதையின் நிறைவு அது என்பதால் அந்த உயர்வில் வியப்பில்லை. அதைப் பார்த்தவர்களில் பலர் முப்பரிமாணக் காட்சிக்கும் ஐமேக்ஸ் திரைக்கும் சராசரியைவிடக் கூடுதல் கட்டணம் கொடுத்தார்கள் என்பதால், உண்மையான டிக்கெட் எண்ணிக்கை இன்னும் குறைவாகத்தான் இருக்கும். ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்த்ததும் இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் அடங்கியிருக்கிறது. ஆகவே இவற்றைத் துல்லியமான அளவாகக் கொள்ள வேண்டாம். ஆனால் 30 கோடிக்கும் 280 கோடிக்கும் இடையே தெரிகிற ஒன்பது மடங்கு வித்தியாசம் மக்கள் கூட்டத்தில் இல்லை என்பதைக் காட்ட இவ்வளவு போதும்.

ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்து இதை நெருக்கமாகப் பார்க்கலாம். 2002 மே மாதம் ‘ஸ்பைடர்மேன்’ வெளியான மூன்று நாட்களில் 11.48 கோடி டாலர் வசூலித்து, ஒரு வார இறுதியில் 10 கோடியைத் தாண்டிய முதல் படம் என்ற பெருமையைப் பெற்றது. அந்தச் சனிக்கிழமை ஒரு நாளில் மட்டும் வந்தது 4.36 கோடி டாலர். 1989-இல் ‘பேட்மேன்’ தன் முதல் வார இறுதி முழுவதிலும் வசூலித்ததே 4.05 கோடிதான். மூன்று நாள் சாதனையை ஒரே நாளில் தாண்டிவிட்டது என்று எழுதுவதற்கு இதைவிட நல்ல எண்கள் கிடைக்காது. ஆனால் டிக்கெட்டுகளாக மாற்றினால் ‘ஸ்பைடர்மேன்’ சனிக்கிழமைக்கு 75 லட்சமும், ‘பேட்மேன்’ வார இறுதிக்கு ஒரு கோடிக்குச் சற்று மேலும் வருகின்றன. மேலும் ‘பேட்மேன்’ 2,194 திரையரங்குகளில் வெளியானது. ‘ஸ்பைடர்மேன்’ படமோ 3,615 திரையரங்குகளில் வெளியானது; ஒரே நாளில் அதிகம் விற்க அதற்கு இடமும் கூடுதலாக இருந்தது.

காலங்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், படம் ஓடுகிற விதத்தில் இருக்கிறது. 1978 டிசம்பரில் ‘சூப்பர்மேன்’ 508 திரையரங்குகளில் வெளியாகி முதல் வார இறுதியில் சுமார் 75 லட்சம் டாலர் ஈட்டியது. அதன் மொத்த உள்நாட்டு வசூலில் இது ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. மீதி முழுவதும் அடுத்தடுத்த மாதங்களில், பார்த்தவர் சொல்லிக் கேட்டவர் வந்து, ஊர் ஊராகச் சேர்த்த பணம். ‘பேட்மேன்’ தன் மொத்தத்தில் 16 விழுக்காட்டை முதல் வார இறுதியில் எடுத்தது. ‘ஸ்பைடர்மேன்’ 28 விழுக்காடு. ‘தி அவெஞ்சர்ஸ்’ 33. ‘எண்ட்கேம்’ 35.7 கோடி டாலரை முதல் வார இறுதியிலேயே வாரிக்கொண்டது. அது மொத்தத்தில் 42 விழுக்காடு. அதிலும் 6 கோடி டாலர் வியாழன் மாலை முன்காட்சிகளில் வந்து வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்ந்த தொகை. அந்த நாட்களில் அமெரிக்காவின் சில திரையரங்குகள் இரவும் பகலும் மூடாமல் காட்சிகளை நடத்தின. 2023-இல் ‘தி மார்வெல்ஸ்’ தன் மொத்த உள்நாட்டு வசூலான 8.45 கோடி டாலரில் 4.6 கோடியை முதல் மூன்று நாட்களில் எடுத்துவிட்டு, இரண்டாவது வார இறுதியில் 78 விழுக்காடு சரிந்தது.

இந்த மாற்றத்தை ஸ்டூடியோக்களே விரும்பித்தான் கொண்டுவந்தன. நெடுங்காலம் வழக்கில் இருந்த ஒப்பந்த முறைப்படி, முதல் வாரங்களின் வசூலில் ஸ்டூடியோவுக்குப் பெரும்பங்கும், வாரங்கள் செல்லச் செல்லத் திரையரங்குக்குக் கூடுதல் பங்கும் கிடைத்தன. படம் சீக்கிரம் கறந்து முடிந்தால் ஸ்டூடியோவுக்கு லாபம். நின்று ஓடினால் திரையரங்குக்கு லாபம். இன்னொரு திருப்பமும் ‘பேட்மேன்’ காலத்திலேயே நடந்தது. வீடியோ கேசட்டுகள் வாடகைக் கடைகளை மனத்தில் வைத்து மிக உயர்ந்த விலையில் விற்கப்பட்ட அந்த நாட்களில், வார்னர் நிறுவனம் ஜூனில் வெளியான அந்தப் படத்தை நவம்பரிலேயே, வீட்டுக்கு வீடு வாங்கக்கூடிய 24.95 டாலர் விலையில் கேசட்டாகக் கொண்டுவந்தது. அது பெரும் வெற்றி பெற்றது. திரையரங்கில் தவறவிட்டாலும் ஐந்து மாதம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாம் என்பதை மக்கள் அப்போது கற்றுக்கொண்டார்கள். 2025 ஜூலை 11 அன்று வெளியான புதிய ‘சூப்பர்மேன்’ ஆகஸ்ட் 15 அன்றே இணையத்தில் வாங்கிப் பார்க்கக் கிடைத்துவிட்டது. ஐந்தே வாரங்கள்.

உலக வசூல் என்கிற எண்ணிலும் இதே கவனம் தேவை. ‘எண்ட்கேம்’ ஈட்டிய 280 கோடியில் 194 கோடி வட அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தது. அதில் சீனாவின் பங்கு மட்டும் 63 கோடி. 1989-இல் ‘பேட்மேன்’ வெளிநாடுகளில் ஈட்டியது 16 கோடி. அப்போது சோவியத் ஒன்றியம் இருந்தது. வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையில் வெளிநாட்டுப் படங்களைச் சீனா அனுமதிக்கத் தொடங்கியதே 1994-இல்தான். இல்லாத சந்தையில் விற்கவில்லை என்று ஒரு படத்தைக் குறை சொல்ல முடியாது. மேலும் சீனாவில் வசூலாகும் தொகையில் ஏறத்தாழ கால்பங்குதான் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வருகிறது. ஆகையால் அந்த 63 கோடியில் மார்வெலின் உரிமையாளரான டிஸ்னியின் கைக்குப் போனது 16 கோடிக்கு அருகில்தான் இருந்திருக்கும். ‘தி டார்க் நைட்’ சீனாவில் வெளியாகாமலேயே 100 கோடி டாலரைத் தொட்டது என்பதை, அதையும் ‘எண்ட்கேம்’ படத்தையும் அருகருகே வைத்துப் பட்டியலிடுபவர்கள் ஒருமுறையாவது குறிப்பிட வேண்டும்.

இந்த வெளிநாட்டு வளர்ச்சியில் நமக்கும் பங்குண்டு. ‘எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது வசனத்தை ஏ.ஆர். முருகதாஸ் எழுதினார், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். இந்தியாவில் அதன் நிகர வசூல் 350 கோடி ரூபாயைத் தாண்டியது. நம் ஊர் நட்சத்திரப் படத்துக்கு இணையாகத் திட்டமிடப்பட்ட வெளியீடு அது. 1978-இல் இந்தியச் சந்தையை ஹாலிவுட் இப்படி நினைத்துப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. இதை மார்வெலின் உண்மையான சாதனையாக நான் மனமார ஏற்கிறேன்.

அடுத்ததாக, சூப்பர்ஹீரோ படங்களின் காலம் முடிந்துவிட்டது என்று இப்போது பரவலாகச் சொல்லப்படுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டம் குறைந்திருப்பது உண்மைதான். 2019-இல் வந்த ஆறு பெரிய படங்கள் உள்நாட்டில் சேர்த்து ஈட்டியது சுமார் 222 கோடி டாலர். டிக்கெட்டுகளில் சுமார் 24 கோடி. 2023-இல் எட்டுப் படங்கள் சேர்ந்து 140 கோடி டாலர்தான் ஈட்டின. ஒரு டிக்கெட் 10 டாலர் என்று குறைத்தே வைத்தாலும் 14 கோடி டிக்கெட்டுகளைத் தாண்டாது. கூட்டம் பாதியை நெருங்குமளவுக்குக் குறைந்த இடத்தில், படங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அவற்றோடு 2019 நவம்பரில் தொடங்கிய டிஸ்னி பிளஸ் தளத்தில் வந்த தொடர்களையும் சேர்த்தால், ஒரு ரசிகர் கதையைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கச் செலவிட வேண்டிய நேரம் பல மடங்காகிவிட்டது. பண்டிகை தினமும் வந்தால் யார்தான் புத்தாடை எடுப்பார்கள்?

ஆனால் இந்தச் சரிவு புதிதல்ல. 1987-இல் நான்காவது ‘சூப்பர்மேன்’ படம் உள்நாட்டில் 1.57 கோடி டாலர்தான் ஈட்டியது. அதாவது 40 லட்சம் டிக்கெட்டுகள். ஒன்பதே ஆண்டுகளுக்கு முன்பு 5.5 கோடி டிக்கெட்டுகள் விற்ற அதே நாயகன், அதே நடிகர் கிறிஸ்டோபர் ரீவ். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ‘பேட்மேன்’ வந்து நூறு பேருக்கு 23 டிக்கெட்டுகள் விற்றது. 1997-இல் ‘பேட்மேன் & ராபின்’ 10.7 கோடி டாலரோடு, நூறு பேருக்கு எட்டு டிக்கெட்டுகளைக்கூட எட்டாமல் நின்றது. மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்திருந்தது. ஐந்து ஆண்டுகளில் ‘ஸ்பைடர்மேன்’ வந்தது. மக்கள் முகமூடி நாயகர்களைக் கைவிட்டதாக எழுதப்பட்ட ஒவ்வொரு முறையும் அவர்கள் கைவிட்டது மோசமான படங்களைத்தான். 2025 ‘சூப்பர்மேன்’ உள்நாட்டில் 35.4 கோடி டாலர் ஈட்டியது. தாராளமாகக் கணக்கிட்டாலும் நூறு பேருக்கு ஒன்பது டிக்கெட்டுகள் வருகின்றன. 1978-இன் ‘சூப்பர்மேன்’ தொட்ட உயரத்தில் இது பாதிகூட இல்லை. ஆனால் உள்நாட்டு வசூலை டாலரில் பட்டியலிட்டால் புதிய படம் பழையதைப் போல இரண்டரை மடங்கு வெற்றி பெற்றதாகத் தெரிகிறது. இந்த ஓர் உதாரணத்துக்காகவே அந்தப் பட்டியல்களைப் பகிர்வதை நிறுத்தலாம்.

அண்மைக் காலத்திலும் நின்று ஓடிய படங்கள் இருக்கின்றன. அவற்றை நான் மிகவும் மதிக்கிறேன். 2018-இல் ‘பிளாக் பாந்தர்’ உள்நாட்டில் முதல் வார இறுதியில் 20.2 கோடி டாலர் ஈட்டிய பிறகும் தளராமல் ஓடி 70 கோடியைத் தொட்டது. மொத்தத்தில் 29 விழுக்காடுதான் தொடக்கத்தில் வந்தது. ‘தி டார்க் நைட்’ படத்துக்கும் ஏறக்குறைய அதே விகிதம். சீனாவில் வெளியாகாத இன்னொரு படமான ‘ஜோக்கர்’, ‘எண்ட்கேம்’ படத்துக்கான செலவில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே எடுக்கப்பட்டு, 2019-இல் உலக அளவில் 100 கோடி டாலரைக் கடந்தது. இம்மூன்றும் முந்தைய படங்களைப் பார்க்காதவருக்கும் முழுமையாகப் புரிகிற கதைகள். ஒருவர் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரும் மறுநாளே போய்ப் பார்க்கலாம். இருபது படங்களைப் பார்த்திருந்தால்தான் விளங்கும் என்கிற படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் ரசிகர்கள் முதல் மூன்று நாட்களிலேயே வந்து போய்விடுகிறார்கள்.

2026 டிசம்பரில் அடுத்த ‘அவெஞ்சர்ஸ்’ படம் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதன் முதல் வார இறுதி எண் வந்த அன்றே நம் பக்கங்கள் சாதனைப் பட்டியல்களால் நிறைந்துவிடும். அதைப் பகிரும் நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, நான்காவது வாரம் வரை பொறுத்திருந்து, அப்போது எத்தனை திரைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான்.