முக்கால் லட்ச ரூபாய் சிடி பிளேயர் எதற்கு?

காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் என்ற இசைக்கடை 2016இல் மூடப்பட்டபோது மும்பையில் சிடியின் காலம் முடிந்தது என்று சொன்னவர்களே இப்போது பரணிலிருந்து சிடி பெட்டிகளை இறக்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் "எந்த பிளேயர் வாங்கலாம்?" என்று கேட்கும் மாட்டுங்கா, செம்பூர் நண்பர்கள் கூடவே ஒரு விளம்பரப் படத்தையும் அனுப்புகிறார்கள். விலை முக்கால் லட்சம்!

சோனியும் பிலிப்ஸும் 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு சிடி. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைத்திருக்கிறார்கள். எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் சிடியில் இருப்பது அவ்வளவுதான். அந்த எண்களை மறுபடி ஒலியாக்கும் சிப் ஒரு காலத்தில் விலை உயர்ந்த சமாசாரம். இன்று மலிவான பிளேயரிலேயே ஒழுங்கானது இருக்கிறது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் வித்தியாசத்தைச் சிடி தாங்கும். தலைக்கு மேலே மின்விசிறி, ஜன்னலுக்குக் கீழே பெஸ்ட் பஸ், அடுத்த வீட்டில் குக்கர். நம் கூடத்தில் அதில் பாதி காதில் விழுந்தாலே பெரிய விஷயம். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கச்சேரி சிடி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ராகம், தானம், பல்லவியை மூன்று டிராக்குகளாகப் பிரித்திருப்பார்கள். மேடையில் இடைவெளியே இருந்திருக்காது. சில பிளேயர்கள், குறிப்பாகச் சில டிவிடி பிளேயர்கள், டிராக் மாறும்போது அரை நொடி வாயடைத்து நிற்கும். தானம் ஓய்ந்து பல்லவி எடுக்கும் இடத்தில் தம்புரா அறுந்து மறுபடி முளைக்கும். அந்த அரை நொடியை என்னால் மன்னிக்கவே முடியாது. கடைக்குப் போகும்போது ஒரு கச்சேரி சிடியைக் கொண்டுபோய், டிராக் மாறும் இடத்தை மட்டும் போட்டுக் கேளுங்கள். வீட்டில் எழுதிய சிடி ஒன்று, கீறல் விழுந்தது ஒன்று, நூறு பாட்டு அடைத்த எம்பி3 சிடி ஒன்று என்று அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எம்பி3யைத் தொடாத பிளேயர்கள் உண்டு. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வீட்டில் கிடக்கும் டிவிடி பிளேயரே போதாதா என்றால், டிராக் எண்ணைக் காட்டும் சின்னத் திரை அதிலேயே இருந்தால் போதும். எந்தப் பாட்டு ஓடுகிறது என்று பார்க்க டிவியைப் போட வேண்டுமென்றால் எனக்கு வேண்டாம். புளூடூத், வண்ண விளக்கு எதுவும் தேவையில்லை. பின்னால் ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கச் சிவப்பு, வெள்ளை சாக்கெட், கையில் ரிமோட், அவ்வளவுதான்.

பழையதை வாங்குவது தப்பில்லை. சிடி வைக்கும் தட்டு தயங்கித் தயங்கி வெளியே வந்தால் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சில்லறைச் செலவு. சிடி சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது, திரையில் பாட்டுகளின் எண்ணிக்கை வரவில்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள். லென்ஸைத் துடைத்தும் சரியாகவில்லையென்றால் லேசர் தேய்ந்திருக்கலாம். அந்த மாடலுக்கு லேசர் கிடைக்குமா என்று கேட்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். சிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கப்படுவது. முதல் பாட்டோடு திருப்திப்படாமல், எழுபது நிமிட சிடி ஒன்றின் கடைசிப் பாட்டையும் ஓட்டிப் பாருங்கள்.

இந்த ஊர் மழைக்காலத்து ஈரத்தில் சிடியில் பூஞ்சை படியும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் டிராக் ஓடும் திசையிலேயே நீளமாக விழும். கீறலால் விட்டுப்போன எண்களைச் சரிசெய்யும் பிளேயரின் பிழைதிருத்தம் அங்கேதான் திணறும்.

லாமிங்டன் சாலைப் பக்கம் லேசர் மாற்றித் தரும் நம்பகமான கடை தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.