பிரசவ அறையில் துணைக்கு ஆள் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதா?

கொரோனா நேரத்தில் பிரசவ அறைக்குள் கணவரையோ அம்மாவையோ விடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே உத்தரவு போட்டதாக ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அந்த நிறுவனம் சொன்னது இதற்கு நேர் எதிர். தொற்று உறுதியான பெண்ணாக இருந்தாலும், தான் விரும்பும் ஒருவரைப் பிரசவத்தின்போது உடன் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் நிலைப்பாடு. கொரோனாவுக்கு முன்பே, 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளிலும் விரும்பும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது உண்டு.

அப்புறம் தடை எங்கிருந்து வந்தது? மருத்துவமனைகள் தாமாகப் போட்டவை பல. 2020 மார்ச்சில் நியூயார்க்கில் சில தனியார் மருத்துவமனைகள் கணவரைக்கூட உள்ளே விடவில்லை. முகக்கவசத் தட்டுப்பாடு, அறிகுறியே தெரியாமல் தொற்றோடு வருபவர்கள் என்று அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது, சரி. ஆனால் மாத இறுதிக்குள் மாநில அரசு தலையிட்டது: காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருவரை அனுமதித்தே ஆக வேண்டும்.

வலி வரும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பது வெறும் ஆறுதல் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வில், தொடர்ந்து துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைவாகவும், பிரசவ நேரம் சற்றுக் குறுகியதாகவும் இருந்தது தெரிந்தது.